28 பெட்டிகளும் ஒரு வளைவும்

கனடாவின் ரொறன்ரோ நகரத்தின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் ஓடிய பழைய ஆர்ட்டி (RT, Rapid Transit என்பதன் சுருக்கம்) ரயிலைப் பற்றி இங்கே யாரோடு கதைத்தாலும் இரண்டு நிமிடத்தில் அது அரசியலுக்குப் போய்விடும். எந்த மேயர் எதை ரத்துச் செய்தார், எந்த முதல்வர் எதை அறிவித்தார், சுரங்க ரயிலா, டிராம் போன்ற லைட் ரயிலா என்ற சண்டையில் யார் எந்தப் பக்கம் நின்றார்கள், இப்படி. எல்லாம் உண்மைதான். ஆனால் அந்தப் பாதையில் 38 வருடம் ஓடிய பெட்டிகளைப் பற்றி ஒருவரும் மூச்சு விடுவதில்லை. எனக்கென்னவோ முழு வழக்கும் அந்தப் பெட்டிகளுக்குள்தான் கிடக்கிறது என்று படுகிறது. ரயிலில் விருப்பம் உள்ளவன் அப்படித்தான் சொல்வான் என்று நீங்கள் நினைக்கலாம். நினையுங்கள், பரவாயில்லை.

ரொறன்ரோவுக்கு வெளியே இருந்து வாசிப்பவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். நகரத்தின் 2ஆம் இலக்கச் சுரங்க ரயில் கிழக்கே கென்னடி நிலையத்தோடு முடிந்துவிடும். அங்கிருந்து ஸ்காபரோவின் நடுப்பகுதிக்குப் போக 1985 மார்ச் 22ஆம் திகதி ஒரு தனிப் பாதை திறந்தார்கள். நீளம் 6.4 கிலோமீற்றர், ஆறே ஆறு நிலையங்கள்: கென்னடி, லோரன்ஸ் ஈஸ்ட், எல்ஸ்மியர், மிட்லண்ட், ஸ்காபரோ சென்ரர், மக்கவன். கடைசி காலத்தில் அதற்கு 3ஆம் இலக்கப் பாதை என்று பெயர் மாற்றினார்கள். சனம் ஆர்ட்டி என்றே சொல்லிக்கொண்டிருந்தது. 83 கலவரத்துக்குப் பிறகு இங்கே வரத்தொடங்கிய எங்கள் சனமும் இந்த ரயிலும் கிட்டத்தட்ட ஒரே காலத்தில்தான் ஸ்காபரோவுக்கு வந்து சேர்ந்தன. வந்த புதிதில் குளிர் ஜக்கெட் வாங்கவும், வேலைக்கும், வகுப்புக்கும் இதில் ஏறாத குடும்பம் குறைவு.

முதன்முதலில் பார்ப்பவருக்கு அது விளையாட்டு ரயில் போல்தான் தெரியும். ஒரு பெட்டி 12.7 மீற்றர் நீளம், இரண்டரை மீற்றர் அகலம். பக்கத்தில் ஓடும் சுரங்க ரயிலின் பெட்டி 23 மீற்றர். நான்கு பெட்டி கோத்த முழு ஆர்ட்டி ரயில் ஏறத்தாழ 50 மீற்றர். சுரங்க ரயில் 138 மீற்றர். அதாவது, காலையும் மாலையும் ஒரு பெரிய ரயிலிலிருந்து இறங்கும் கூட்டம் மூன்று மடங்கு சிறிய ரயிலுக்காகக் காத்து நிற்க வேண்டும். அதுவும் கென்னடியில் சுரங்க ரயில் நிலத்துக்கு அடியில், பஸ்கள் நடுவில், ஆர்ட்டி எல்லாவற்றுக்கும் மேலே. கீழிருந்து மேலே ஏறிப் போவதற்குள் ஒரு ரயில் புறப்பட்டுவிடும்.

ஆனால் புறப்படும்போது அது எழுப்பும் சத்தம் வேறு எந்த ரயிலிலும் கேட்க முடியாதது. கியர் கடகடப்போ சாதாரண மோட்டரின் உறுமலோ அதில் இல்லை. தரைக்கு அடியிலிருந்து எழும் ஒரு ரீங்காரம் மெல்ல மெல்லச் சுருதி ஏறும். காரணம், அந்தப் பெட்டியில் சுழலும் மோட்டரே கிடையாது.

அது எப்படி என்று சொல்ல வேண்டுமானால் 1970களுக்குப் போக வேண்டும். 1971இல் ஒன்ராறியோவின் முதல்வரான பில் டேவிஸ், ரொறன்ரோ நகரத்துக்குள் வர இருந்த ஸ்பாடைனா விரைவுச்சாலையை நிறுத்தினார். காருக்கான சாலை வேண்டாம் என்றால் சனம் எதில் போவது? பஸ்ஸையும் டிராமையும் விடப் பெரியது, சுரங்க ரயிலை விட மலிவானது என்று இடைத்தரத்தில் ஒன்று வேண்டும் என்று மாகாண அரசு தேடியது. ஜேர்மனியின் கிரவுஸ்-மாஃபை கொம்பனியின் காந்த ரயிலைத் தெரிவுசெய்தார்கள். சில்லே இல்லாமல் காந்தத்தில் மிதந்து ஓடும் ரயில். அந்தக் காலத்துக்கு அது பெரிய கனவு. ரொறன்ரோ கண்காட்சி மைதானத்தில் சோதனைப் பாதைக்கு வேலையும் தொடங்கினார்கள். 1974இல் மேற்கு ஜேர்மன் அரசு பணத்தை நிறுத்தியதும் கனவு கலைந்தது.

ஒன்ராறியோ விடவில்லை. தன் சொந்தப் போக்குவரத்துக் கொம்பனியை வைத்து, மிதப்பதை மட்டும் கைவிட்டு, மற்றதை எடுத்துக்கொண்டது. காந்தத்துக்குப் பதில் மறுபடியும் இரும்புச் சில்லு. ஆனால் தள்ளுவதற்கு அதே நேர்கோட்டு மோட்டர். கிங்ஸ்டனுக்குப் பக்கத்தில் மில்ஹேவனில் தொழிற்சாலையும் சோதனைப் பாதையும் வந்தன. ஆர்ட்டிப் பெட்டி பிறந்த வீடு அதுதான்.

நேர்கோட்டு மோட்டர் என்றால் என்ன? சாதாரண மின்மோட்டரில் வெளியே ஒரு கம்பிச்சுருள் வளையம், உள்ளே சுழலும் தண்டு. அந்த வளையத்தை ஓரிடத்தில் வெட்டி, சுருட்டிய பாயை விரிப்பது போல நீட்டி வைத்தால் அதுதான் இது. கம்பிச்சுருள் பாதி பெட்டிக்கு அடியில் தொங்குகிறது. மற்றப் பாதி, தண்டவாளங்களுக்கு நடுவே பாதை முழுக்கப் படுத்திருக்கும் ஓர் அலுமினியத் தகடு. மேலே மின்சாரம் பாய்ந்தால் கீழே தகட்டில் காந்தப்புலம் உண்டாகி, ரயில் முன்னால் தள்ளப்படுகிறது. சில்லுகளுக்குப் பாரத்தைத் தாங்குவது மட்டும்தான் வேலை. அவை தண்டவாளத்தைப் பற்றி இழுக்கத் தேவையில்லாததால் ஈரத்திலும் வழுக்காது, செங்குத்தான ஏற்றத்திலும் ஏறும். அச்சுகளும் வளைவுக்கு ஏற்பத் தாமே திரும்பிக்கொள்ளும். பெரிய மோட்டர் இல்லாததால் சில்லும் சிறிது, பெட்டியும் உயரம் குறைவு. சுரங்கம் தோண்டினால் சின்னத் துளை போதும். காகிதத்தில் பார்த்தால் ஒரு குறையும் சொல்ல முடியாது.

கழுத்தை அறுப்பது அந்த இடைவெளி. கம்பிச்சுருளுக்கும் தகட்டுக்கும் நடுவே இருப்பது ஒரு சென்ரிமீற்றரை ஒட்டிய தூரம். கூடினால் மின்சாரம் வீணாகும், குறைந்தால் இடிக்கும். தகடு ஓரிடத்தில் கொஞ்சம் தூக்கினாலும் ஆபத்து. இதை மனதில் வைத்திருங்கள், 2023க்கு வரும்போது தேவைப்படும்.

இனி ஸ்காபரோவின் தலைவிதி. நகரப் போக்குவரத்து ஆணையம் இந்தப் பாதையைத் திட்டமிட்டது டிராமுக்காக. சாதாரண ரொறன்ரோ டிராம், தனிப் பாதையில் கொஞ்சம் வேகமாக ஓடும், அவ்வளவுதான் யோசனை. மாகாண அரசுக்கோ தன் புதிய ரயிலை உலகத்துக்கு விற்க வேண்டும். சொந்த ஊரில் ஓடாத சாமானை வெளியூரில் யார் வாங்குவார்? செலவு கூடினால் தாங்கள் பொறுப்பு என்று சொல்லி, நடுவழியில் டிராமைத் தூக்கிவிட்டு இந்தப் பெட்டிகளை வைத்தார்கள். உடம்புக்கு அளவெடுத்துச் சட்டை தைப்பதுதான் வழக்கம். இங்கே சட்டை முதலில் தைத்தாகிவிட்டது, ஆள் பிறகு வந்தார்.

அதன் விளைவு முதல் நாளிலிருந்தே தெரிந்தது. கென்னடியில் டிராம் சுற்றித் திரும்புவதற்காகப் போட்டிருந்த வளையம் இந்தப் பெட்டிகளுக்கு ஒத்துவரவில்லை. 1988இல் அதை உடைத்து, ஒரே தண்டவாளம், இரண்டு பக்கமும் மேடை என்று மாற்றிக் கட்டினார்கள். ஒரு பக்கத்தால் இறங்க வேண்டும், மற்றப் பக்கத்தால் ஏற வேண்டும். மூன்று வருடமான நிலையத்துக்கு இது நடந்தது.

இன்னொரு இடம் எல்ஸ்மியர். அந்த நிலையம் தாண்டியதும் பாதை சடாரென்று கிழக்கே வளைந்து, பக்கத்தில் ஓடும் பெரிய ரயில் பாதைக்கு அடியால் ஒரு குட்டிச் சுரங்கத்துக்குள் புகுந்து, மறுபக்கம் ஏறி மேம்பாலத்துக்குப் போகும். அந்த வளைவும் டிராமை நினைத்துப் போட்டதுதான். 12.7 மீற்றர் பெட்டி எப்படியோ நெளிந்து போய்விடும். அதைவிட நீளமானது போகாது. திறந்த காலத்தில் இது யாருக்கும் பெரிய விஷயமாகப் பட்டிருக்காது.

தண்டவாளத்தின் அகலமும் தனி. ரொறன்ரோ சுரங்க ரயில் உலகத்தில் வேறெங்கும் இல்லாத 1495 மில்லிமீற்றர் அகலத்தில் ஓடுகிறது. ஆர்ட்டி பொதுவான 1435இல். ஆகவே ஒரு பாதையின் ரயில் மற்றதில் ஏற முடியாது. மக்கவன் பக்கத்தில் இருந்த சின்னப் பணிமனையில் பெரிய திருத்த வேலை செய்ய வசதியில்லை. பெட்டியை லொறியில் ஏற்றி, தெரு வழியே நகரத்துக்குள் கொண்டுபோய்த் திருத்தி, திரும்பக் கொண்டுவருவார்கள்.

வேடிக்கை என்னவென்றால், இவ்வளவு அவஸ்தையோடு பிறந்த ரயில் தன் காலத்தைவிட முன்னால் இருந்தது. அது தானாக ஓடக்கூடியது. முன்னால் போகும் ரயில் எங்கே நிற்கிறது என்று கணினி பார்த்துக்கொண்டே இடைவெளியைக் கணக்கிடும் செல்ட்ராக் என்ற சமிக்ஞை முறை பயணிகள் சேவையில் முதலில் வந்தது இந்த ஸ்காபரோப் பாதையில்தான். இன்று உலகம் முழுக்கப் பெரிய நகரங்களில் அதன் வாரிசுகள் ஓடுகின்றன. ரொறன்ரோவின் பிரதான 1ஆம் இலக்கப் பாதை முழுவதும் தானியங்கிக் கட்டுப்பாட்டுக்கு வந்தது 2022இல். ஆனால் ஸ்காபரோவில் ஒவ்வொரு ரயிலிலும் ஒரு சாரதி இருந்தார். வன்கூவரில் இதே பெட்டி ஆளில்லாமல் ஓடியது. இங்கே அதை நம்ப யாருக்கும் மனம் வரவில்லை.

வன்கூவர் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை விளங்காது. 1986 உலகக் கண்காட்சிக்காக அவர்கள் கட்டிய ஸ்கைட்ரெயினில் ஓடியது அச்சு அசலாக இதே பெட்டிதான். தொடக்கத்திலிருந்தே பாதையை இந்தப் பெட்டிக்காகக் கட்டினார்கள். ஒருமுறை வாங்கியதோடு நிற்கவில்லை. முதல் தலைமுறைப் பெட்டிகள் மட்டும் 150. பிறகு நீளமான இரண்டாம் தலைமுறை 2002இல், அதற்குப் பின் இன்னொன்று, 2025இல் மற்றொன்று. பெட்டிகளைச் செய்த கொம்பனி மாகாணத்திடமிருந்து லவலினுக்கும், பிறகு பொம்பார்டியருக்கும், கடைசியில் அல்ஸ்தொமுக்கும் கைமாறியது. ஒவ்வொரு முறையும் வாங்குவதற்கு வன்கூவர் இருந்ததால் அந்தப் பெட்டியின் வம்சம் தொடர்ந்தது. நியாயமாகச் சொன்னால், அவர்களும் 2009இல் விமான நிலையத்துக்குக் கட்டிய கனடா லைனில் இந்த மோட்டரை வைக்கவில்லை, சாதாரண மோட்டரையே எடுத்தார்கள். இது எல்லா இடத்துக்கும் ஏற்ற அற்புதம் என்று நான் வாதாட வரவில்லை.

கோலாலம்பூரும் ஒரு சாட்சி. அங்கே கெலானா ஜெயா பாதையில் 1998இலிருந்து இரண்டாம் தலைமுறைப் பெட்டிகள் ஆளில்லாமல் ஓடுகின்றன. இரண்டு பெட்டியில் தொடங்கி நான்கு பெட்டியாக்கி, பாதையையும் 46 கிலோமீற்றருக்கு நீட்டிவிட்டார்கள். பிரிக்ஃபீல்ட்ஸ் தமிழர்கள் கே.எல். சென்ட்ரலில் ஏறும் ரயில் நம்முடைய ஆர்ட்டிக்கு ஒன்றுவிட்ட தம்பி முறை. அங்கே கொட்டும் மழையில் ஓடுகிறது, பிரச்சினையில்லை. பனி கிடையாது என்பதும் உண்மை.

பனி பற்றியும் சொல்லத்தான் வேண்டும். கடும் பனி கொட்டினால் ஆர்ட்டி நின்றுவிடும், பதிலுக்கு பஸ் வரும் என்பது ஸ்காபரோவில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். அலுமினியத் தகட்டின் மேல் பனி இறுகினால் அந்த ஒரு சென்ரிமீற்றர் இடைவெளி அடைபடும். மின்சாரம் வருவதும் பாதையோரம் போகும் மின்தண்டவாளங்கள் வழியேதான். அவற்றில் ஐஸ் படிந்தால் பெட்டிக்கு மின்சாரம் கிடைக்காது. பாதையோ பெரும்பாலும் திறந்தவெளியில். வன்கூவரில் பனி வருடத்தில் சில நாள். ஸ்காபரோவில் டிசம்பரிலிருந்து மார்ச் வரை. ஒன்ராறியோவில் கண்டுபிடித்த ரயிலுக்கு ஒன்ராறியோவின் குளிர் ஒத்துவரவில்லை என்பதை என்ன சொல்ல.

ஆனாலும் பனி அந்த ரயிலைக் கொல்லவில்லை. அதைக் கொன்றது, 28 என்ற எண். ஸ்காபரோ வாங்கியது 28 பெட்டிகள். அதற்குப் பிறகு ஒன்றுகூட வாங்கவில்லை. பாதையை ஸ்காபரோவின் வடகிழக்கே உள்ள மால்வேர்ன் வரை நீட்டப்போகிறோம் என்று பலமுறை சொன்னார்கள், நீட்டவில்லை. முதல் தலைமுறைப் பெட்டிகள் உலகத்திலேயே வன்கூவர் 150, ஸ்காபரோ 28, அமெரிக்காவின் டெட்ரோயிட் 12 என்று மொத்தம் 190தான். 1990களின் நடுப்பகுதிக்குப் பிறகு அவற்றைச் செய்வதையும் விட்டுவிட்டார்கள். உதிரிப்பாகம் கடையில் கிடைக்காது. ஒன்று உடைந்தால் அதைத் தனியாகச் செய்விக்க வேண்டும், அல்லது இன்னொரு பெட்டியிலிருந்து கழற்ற வேண்டும்.

2000களின் நடுவில், பெட்டிகள் கிழடாகின்றன, புதிது வேண்டும் என்ற கதை தொடங்கியது. வன்கூவரில் ஓடும் இரண்டாம் தலைமுறைப் பெட்டியை வாங்கலாமே? அதன் நீளம் ஏறத்தாழ 17 மீற்றர். எல்ஸ்மியர் வளைவுக்குள் நுழையாது. வாங்க வேண்டுமானால் வளைவையும் சுரங்கத்தையும் இடித்துக் கட்ட வேண்டும். டிராமுக்கென்று போட்ட ஒரு திருப்பம் இருபது வருடம் கழித்துக் குறுக்கே வந்து நின்றது. பெட்டியை மாற்றவே பாதையை இடிக்கத்தான் வேண்டும் என்றால், முழுவதையும் மாற்றினால் என்ன என்ற கேள்வி அங்கேதான் பிறந்தது. அரசியல்வாதிகள் உள்ளே வந்த வாசல் அதுதான் என்பது என் கணிப்பு. புதுப் பெட்டி நேராக வந்து ஓடக்கூடியதாக இருந்திருந்தால், ஒரு கொள்முதல் கோப்போடு விஷயம் முடிந்திருக்கும். எந்த மேயரும் பழைய ரயிலுக்குப் பெட்டி வாங்குவதை வைத்துத் தேர்தல் கேட்பதில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை ஓடிச் சொல்லிவிடுகிறேன். 2007இல் டேவிட் மில்லர் மேயராக இருந்தபோது லைட் ரயில் திட்டம். 2010இல் ரொப் ஃபோர்ட் வந்து அதை ரத்துச் செய்தார். மாநகரசபை திரும்பக் கொண்டுவந்தது. 2013இல் அதே சபை சுரங்க ரயிலுக்கு வாக்களித்தது. 2016இல் மூன்று நிலையம் ஒன்றாகச் சுருங்கியது. 2019இல் ரொப்பின் அண்ணன் டக் ஃபோர்ட் மாகாண முதல்வராக மறுபடி மூன்றாக்கினார். இப்போது அந்த 7.8 கிலோமீற்றர் சுரங்கத்தைத் தோண்டுகிறார்கள். தோண்டும் இயந்திரத்துக்கு டிக்கி ஸ்கார்டஸ்ட் என்று ஒரு பெயரும் உண்டு. பெயர் வைக்கும் வேலை மட்டும் இந்த ஊரில் தாமதமாவதில்லை.

இந்தக் காலமெல்லாம் 28 பெட்டிகளும் ஓடிக்கொண்டே இருந்தன. 25 வருடத்துக்கென்று செய்தவை 30ஐத் தாண்டின. வெல்டிங் செய்தார்கள், தரையை மாற்றினார்கள், 2015 வாக்கில் வெளியே நீல நிறத்தில் ஸ்ரிக்கர் சுற்றினார்கள். புதுசு போல வடிவாகத்தான் இருந்தது. உள்ளே ஏறினால் வயது தெரிந்துவிடும். மிட்லண்ட் பக்கம் மேம்பாலத்தில் போகும்போது நான் ஜன்னலோரம் நின்று, ரீங்காரம் முன்பு கேட்டதைவிட மாறியிருக்கிறதா என்று காது கொடுப்பேன். கூட வருபவர்களுக்கு இது எரிச்சலாகத்தான் இருந்திருக்கும்.

2021இல் முடிவைச் சொல்லிவிட்டார்கள்: புதிய சுரங்கம் வரும்வரை காத்திருக்க முடியாது, 2023இல் ரயிலை நிறுத்திவிட்டு பஸ் விடுவோம். பிறகு நவம்பர் என்று மாதமும் குறித்தார்கள். அந்த நவம்பரும் கிடைக்கவில்லை. 2023 ஜூலை 24 மாலை, எல்ஸ்மியருக்குத் தெற்கே, ரயிலின் கடைசிப் பெட்டி மற்றவற்றிலிருந்து கழன்று தடம் புரண்டது. உள்ளே 45 பேர் இருந்தார்கள். ஐந்து பேரைச் சிறு காயங்களோடு வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். உயிர்ச்சேதம் இல்லாதது பெரிய புண்ணியம். விசாரணையில் வந்த காரணம், நடுவில் இருக்கும் அந்தத் தகடுதான். அதைப் பிடித்திருந்த போல்ட்டுகள் தளர்ந்து, தகடு மேலே தூக்கி, ஓடும் பெட்டியின் அடியில் இடித்திருக்கிறது.

கவனித்தீர்களா, உடைந்தது பெட்டி இல்லை. எல்லோரும் பெட்டி கிழடு, பெட்டி கிழடு என்று சொல்லிக்கொண்டிருக்க, விட்டுப்போனது பாதையில் இருந்த போல்ட். ஆனால் இந்த மோட்டரில் பாதை வேறு பெட்டி வேறு என்று பிரிக்கவே முடியாது. மோட்டரின் பாதியே பாதையில் அல்லவா கிடக்கிறது. மூடப்போகும் ஒரு பாதையில், மற்ற எந்தப் பாதையிலும் இல்லாத ஓர் உறுப்பை, கடைசி நாள்வரை மில்லிமீற்றர் கணக்கில் பராமரிப்பது எவ்வளவு கடினம் என்று யோசித்துப் பாருங்கள். ஆகஸ்ட் மாதம், இனித் திறப்பதில்லை என்று அறிவித்தார்கள்.

இப்போது கென்னடியிலிருந்து ஸ்காபரோ சென்ரருக்கு பஸ்தான். பழைய பாதையின் ஒரு பகுதியை பஸ்களுக்கான தனிச்சாலையாக்கும் திட்டம் இருக்கிறது. பெட்டிகளில் சிலவற்றை டெட்ரோயிட் நகரம் வாங்கிக்கொண்டது. அங்கே 1987இலிருந்து நகர மையத்தைச் சுற்றி 4.7 கிலோமீற்றர் வட்டத்தில் ஓடுவதும் இதே முதல் தலைமுறைதான், அவர்களிடம் இருந்தது 12தான், அவர்களுக்கும் உதிரிப்பாகம் கிடைப்பது கஷ்டம். அவர்களுடைய பாதை இந்தப் பெட்டிக்காகவே கட்டியது, ஆகவே எதையும் இடிக்கத் தேவையில்லை. எங்கள் பெட்டிகளில் எது முழுதாக ஓடும், எது கழற்றி எடுக்கப்படும் என்று பார்க்கவாவது ஒருநாள் எல்லை தாண்டி விண்சர் வழியாகப் போக வேண்டும். காரில் நாலு மணித்தியாலம்தான்.